தாமரை, இலை, வச்சிரம்: விருதுப் பதக்கங்களின் வடிவும் பொருளும்

ஒருவரைச் சிறப்பிக்க வேண்டுமென்று அரசு முடிவு செய்த பின் அதற்கு முன் இருக்கும் வழிகள் சிலவே. நிலம் தரலாம், பொருள் தரலாம், பெயரோடு ஒட்டி வழங்கும் பட்டம் தரலாம், உடலில் அணிந்துகொள்ளும் அணி ஒன்றையும் தரலாம். நிலமும் பொருளும் காலப்போக்கில் கைமாறிவிடுகின்றன. பட்டம் ஒலியாக மட்டுமே வாழ்கிறது. அணி ஒன்றே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதாகவும், பெற்றவரின் உடலைச் சேர்ந்ததாகவும், கொடுத்தவரின் எண்ணத்தைத் தன் வடிவிலேயே சுமப்பதாகவும் அமைகிறது. பதக்கங்களைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் யார் யாருக்கு எது கிடைத்தது என்ற பட்டியலோடு நின்றுவிடுவதால், உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத்தில் என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது, அது ஏன் அப்படிப் பொறிக்கப்பட்டது என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. கொடுக்கும் அரசு, பெறும் மனிதரை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறது என்பதைப் பதக்கத்தின் வடிவமே மறைவின்றிக் காட்டிவிடுகிறது என்பதும், கடலூரும் சிதம்பரமும் அடங்கிய நிலப்பகுதி அதற்கு எதிர்பாராத அளவு நல்ல சான்றுகளைத் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பதக்கத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு. முதன்மை உருவம் பொறிக்கப்படும் பக்கம் அதன் முகம். பெரும்பாலும் எழுத்தோ அரசின் முத்திரையோ நிற்கும் மறுபக்கம் அதன் புறம். உலோகத்தை உடலோடு இணைக்கும் பட்டுத் துண்டு நாடா. நான்காவது, அது உடலில் எங்கே அமர்கிறது என்பது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் காலில் அணிவதற்கும் தலையில் சூடுவதற்கும் கழுத்தில் தொங்குவதற்கும் மார்பில் குத்துவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, சிறப்பிக்கப்படுபவர் எதனால் சிறப்பிக்கப்படுகிறார் என்ற எண்ணத்தின் வேறுபாடே ஆகும்.

தமிழ் மரபில் இதற்கான தொடக்கம் மிகப் பழையது. போரில் வென்றவன் காலில் வீரக்கழல் கட்டினான்; பாடிய பாணன் தலையில் பொற்றாமரை சூடினான். சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பேய்மகள் இளவெயினி பாடிய புறநானூற்று 11ஆம் பாட்டு, பாடினி பொன்னணி பெற்றதையும், அவளோடு வந்த பாணன் நெருப்பில் செய்த தாமரையை வெள்ளி நாரில் தொடுத்த பூவாகப் பெற்றதையும் சொல்கிறது. இச்செய்தியைப் பதக்கவியலின் கண்கொண்டு பார்க்கும்போது அதன் நுட்பம் வியப்பூட்டுகிறது. பொன்னால் உருவம், வெள்ளியால் கட்டு, இயற்கையில் வாடிவிடும் பூவுக்கு வாடாத உலோகப் படி என்று, பிற்காலப் பதக்கத்தின் கூறுகள் அனைத்தும் அங்கே உள்ளன. அரசன் உருவமோ அவன் பெயரோ அவனுடைய இலச்சினையோ மட்டும் அதில் இல்லை. கொடுத்தவன் யார் என்பதைப் பாணனின் பாட்டே ஊர் ஊராகச் சொல்லிவிடும் என்பதால் பூவில் அதைப் பொறிக்கத் தேவை எழவில்லை போலும். இவற்றோடு, தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கும் மாராயம் என்னும் அரசச் சிறப்பும், படைத்தலைவருக்கு ஏனாதிப் பட்டத்தோடு தந்த மோதிரமும், எட்டிப் பட்டம் பெற்ற வணிகருக்கு உரிய பொற்பூவும் சேர்த்து எண்ணத்தக்கவை.

சோழர் காலத்தில் இந்தப் போக்கு மாறுகிறது. முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகிய இருவரிடமும் பணியாற்றிய மணவிற் கூத்தன் என்னும் நரலோகவீரன், காலிங்கராயன் என்ற பட்டத்தால் சிறப்பிக்கப்பட்டவன். தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலில் அவன் செய்த திருப்பணிகளையும், தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதுவித்ததையும் அங்குள்ள வெண்பாக் கல்வெட்டுகள் வரிசையாகப் பாடுகின்றன. இங்கே சிறப்பு பெயரிலும் கல்லிலும் தங்குகிறது. உடலில் அணியும் அணி பின்னுக்குச் செல்கிறது. பட்டம், அணி என்ற இவ்விரு வழிகளும் ஒன்றோடொன்று போட்டியிடுவது பிற்காலத்தில் அரசியல் சட்டக் கேள்வியாகவே வளர்ந்தது.

கடலூருக்கும் உலோகப் பதக்கத்துக்கும் நேரடித் தொடர்பு 18ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியதிலிருந்து இந்தக் கடற்கரை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய இருவரின் கண்ணிலும் பட்டிருந்தது. 1782இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றினர்; மறு ஆண்டு ஜூன் மாதம் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் கம்பெனிப் படை ஊரை முற்றுகையிட்டது; உள்ளே பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி இருந்தார். ஜூன் 13ஆம் நாள் நடந்த தாக்குதலில் கம்பெனித் தரப்பில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஜூன் 20ஆம் நாள் கடலில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலக் கப்பற்படையோடு மோதி அதைப் பின்வாங்கச் செய்தது. மாத இறுதியில் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி வந்து சேர, வெற்றியோ தோல்வியோ இல்லாமல் முற்றுகை நின்றுபோயிற்று.

இந்தப் படையில் வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் தலைமையில் கிழக்குக் கடற்கரை வழியாக நடந்தே வந்த சிப்பாய்ப் பிரிவும் இருந்தது. 1781இல் புறப்பட்ட அப்பிரிவு 1785இல்தான் ஊர் திரும்பியது. நோயும் போரும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அவர்களுக்கும், அதே ஆண்டுகளில் மேற்கே போரிட்ட வங்காளப் படையின் மற்றொரு பிரிவுக்கும் கல்கத்தாவில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் அரசு ஒரு பதக்கம் வழங்கியது. தக்காணப் பதக்கம் என்று இன்று அழைக்கப்படும் இது, ஒரு போர்த்தொடருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கிய முதல் பதக்கமாகக் கருதப்படுகிறது. கடலூர் மண்ணில் நின்றவர்கள் கழுத்தில் அணிந்த பதக்கம் என்பதால் இதை அருகே வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

பெரியது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர், சிறியது 32 மில்லிமீட்டர் விட்டம் உடையவை. தரத்துக்கு ஏற்பப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்யப்பட்டன. முகத்தில் பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். பிரிட்டானியா என்பது பிரிட்டனை ஒரு பெண்ணாக உருவகித்த வடிவம். ரோமானிய நாணயங்களிலிருந்து பிரிட்டன் எடுத்துக்கொண்டது. அவள் இருக்கையாகப் படைக்கலன்களின் குவியல் கிடக்கிறது. நீட்டிய வலக்கையில் வெற்றிக்கு அடையாளமான இலைவளையம் இருக்கிறது; அக்கை தூரத்தில் ஆங்கிலக் கொடி பறக்கும் ஒரு கோட்டையை நோக்கி நீள்கிறது. அது எந்தக் கோட்டை என்று பதக்கம் சொல்லவில்லை. புறத்தில் முழுவதும் பாரசீக எழுத்து: இந்துஸ்தானத்திலிருந்து தக்காணம்வரை ஆங்கிலேயர் பெயரை உயர்த்திய வீரர்களின் பணிக்கு நினைவாகக் கல்கத்தா அரசு வழங்கியது என்ற கருத்தும், ஹிஜ்ரி 1199, கிறித்து ஆண்டு 1784 என்ற காலக்குறிப்பும் அதில் உள்ளன. மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவதே வழக்கம்.

இப்பதக்கத்தின் ஒவ்வொரு கூறும் ஒரு முடிவின் விளைவு. முகத்துப் பெண் ஐரோப்பியக் கண்ணுக்கு உடனே புரிபவள். வங்காளத்து மதினிப்பூரிலிருந்து நடந்து வந்த சிப்பாய்க்கு அவள் யாரோ ஒரு தேவதை. புறத்து எழுத்து அரசவையின் மொழி. அதைப் படிக்கக்கூடியவர் எழுத்தரும் முன்ஷிகளுமே தவிரப் படைவரிசையில் நின்றவர் அல்லர். கழுத்துக் கயிறு மட்டுமே அணிபவரின் பழக்கத்துக்கு இணங்கியது. முகம் ஆளவந்தவருக்கும், புறம் ஆண்டு ஓய்ந்துகொண்டிருந்த முகலாயப் பெருமைக்கும், கயிறு சிப்பாய்க்கும் என்று மூன்று பங்காகப் பிரிந்து நிற்கும் இந்தச் சிறிய வட்டம், 1784இல் கம்பெனி இருந்த இரண்டுங்கெட்டான் நிலையை எந்த வரலாற்று நூலுக்கும் குறையாமல் எடுத்துரைக்கிறது. கடலூரின் கண்ணோட்டத்தில் மேலும் இரண்டு உண்மைகள் உறுத்துகின்றன. முடிவு காணாமல் நின்ற முற்றுகையில் பங்கேற்றவருக்கும், கோட்டை வீழ்ந்து கொடி ஏறிய காட்சியே பரிசாகக் கிடைத்தது. அதே முற்றுகையில் தோளோடு தோள் நின்ற சென்னைப் படையின் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், இப்பதக்கத்தைப் பெறவில்லை. அது வங்காளப் படைக்கு உரியதாகவே நின்றுவிட்டது.

சென்னைப் படையினர் பரவலாகப் பெற்றது 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததைக் குறிக்கும் சீரங்கப்பட்டணப் பதக்கம். இங்கிலாந்தில் சோகோ நாணயச்சாலையில், கியூக்லர் என்ற கலைஞரின் வடிவமைப்பில் செய்யப்பட்ட இது, பொன், பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐந்து உலோகப் படிநிலைகளில் வெளிவந்தது. முகத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. மேலே பறக்கும் கொடியில், இறைவனின் வெற்றிச் சிங்கம் என்று பொருள்படும் அரபுத் தொடர் உள்ளது. திப்புவின் சொந்தச் சின்னம் புலி. அவரையும் இந்நாட்டு இசுலாமியச் சிப்பாய்களையும் ஒருங்கே நோக்கி அந்த அரபுத் தொடர் பேசுகிறது. வடிவமைப்பு என்ற அளவில் இதன் ஆற்றலை மறுக்க முடியாது. தோற்றவனின் விலங்கையே தோல்வியின் படமாக்கி, அதை அவன் நாட்டவர் மார்பிலேயே தொங்கவிட்ட கொடுமையையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

அதற்குப் பின் வந்த நூறாண்டுகளில் பட்டமும் பதக்கமும் ஒன்றாகக் கலந்தன. 1861இல் இந்திய விண்மீன் வரிசை, 1878இல் இந்தியப் பேரரசு வரிசை, 1900இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம், 1911இல் திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் ஆகியோருக்கான பட்டப் பதக்கம் என்று அடுக்கடுக்காக வந்தவற்றில், விதிவிலக்கின்றி அரசனோ அரசியோ முகமாகவோ பெயரெழுத்தாகவோ நடுவில் அமர்ந்தனர். அண்ணாமலைநகரின் வரலாற்றில் இக்காலத்தின் இரு பக்கங்களும் தெரிகின்றன. 1929இல் பல்கலைக்கழகம் அமையக் காரணமான அண்ணாமலைச் செட்டியார் அரசின் வழியாகச் சர், ராஜா ஆகிய பட்டங்களைப் பெற்றவர். அப்பல்கலைக்கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரோ, 1928இல் தமக்கு அளிக்க முன்வந்த இந்திய விண்மீன் வரிசையின் சர் பட்டத்தை மறுத்தவர். பெயருக்கு முன் எதையும் ஒட்டாத கம்பேனியன் ஆஃப் ஆனர் சிறப்பை 1930இல் அவர் ஏற்றுக்கொண்டார். பட்டத்தை விலக்கிப் பதக்கத்தை மட்டும் கொண்ட அந்தத் தேர்வில், கால் நூற்றாண்டுக்குப் பின் இந்திய அரசே எடுக்கப்போகும் நிலைப்பாடு முன்கூட்டியே தெரிகிறது. 1918இல் சென்னை மணி ஐயர் என்னும் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் பட்டங்களைத் துறந்ததையும், 1920இல் காந்தியடிகள் 1915இல் பெற்ற கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கத்தைத் திருப்பி அனுப்பியதையும் இங்கே நினைக்க வேண்டும். திருப்பி அனுப்ப முடிவது பதக்கத்துக்கு உள்ள தனித்தன்மை. ஏற்பதில் இருந்த பொருள் திருப்புவதில் பன்மடங்காகிறது.

குடியேற்ற ஆட்சிக்கு உட்படாமல், ஆனால் அதே காலத்தில் ஐரோப்பியப் பதக்க முறையைக் கற்றுக்கொண்ட ஆசிய நாடு ஒன்று என்ன செய்தது என்பதைப் பார்க்காமல் இந்தியப் பதக்கங்களின் தேர்வுகளை முழுமையாக உணர முடியாது. ஜப்பானில் 1875இல் உதயசூரிய வரிசை தோன்றியது. 1881 டிசம்பர் 7ஆம் நாள் ஆணையால், குடிமக்களின் நற்செயல்களுக்கான ஹோஷோ என்னும் சிறப்புப் பதக்கம் உருவாயிற்று; அடுத்த ஆண்டு முதல் அது வழங்கப்பட்டது. இதன் அமைப்பு எளிமையிலேயே தனித்துவம் கொண்டது. வெள்ளியில் செய்த செர்ரிப் பூக்களின் வளையம். நடுவே பொன்முலாமிட்ட வட்டம். அதில் ஹோஷோ என்பதைக் குறிக்கும் இரண்டு சீன எழுத்துகள். மன்னர் முகம் இல்லை. எல்லாப் பெறுநருக்கும் உலோகம் ஒன்றே. வேறுபடுவது நாடாவின் நிறம் மட்டும்.

அந்நிறங்கள் உயர்வு தாழ்வைக் காட்டாமல் செயலின் வகையைக் காட்டுகின்றன. தன் உயிரைப் பொருட்படுத்தாமல் பிறர் உயிரைக் காத்தவருக்குச் சிவப்பு. பெற்றோரைப் பேணிய மக்கள் முதலானோரின் நல்லொழுக்கத்துக்கென்று தோன்றி, நெடுங்காலம் வழங்கப்படாமல் இருந்து, 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் தன்னார்வத் தொண்டருக்கு உரியதாக உயிர்பெற்றது பச்சை. பொதுநலப் பணிக்கு நீலம். இம்மூன்றும் 1881இலேயே வந்தவை. 1918இல் பெருங்கொடை அளித்தவருக்குக் கருநீலம் சேர்ந்தது. மஞ்சளின் கதை விந்தையானது: 1887இல் கடற்கரைக் காவலுக்குப் பொருள் தந்தவருக்கென்று தொடங்கி, போருக்குப் பின் 1947இல் கைவிடப்பட்டு, 1955இல் தம் தொழிலை விடாமுயற்சியோடு செய்து பிறருக்கு முன்மாதிரியான உழவர், தச்சர் போன்றோருக்கு உரியதாக மறுபிறவி எடுத்தது. படைச்செலவுக்கு ஈந்தவரின் நிறம் கைத்தொழிலாளியின் நிறமானது போல, ஒரு நாட்டின் மனமாற்றத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் சான்று அரிது. அதே 1955இல் கல்வி, கலை ஆகியவற்றுக்கு ஊதா நிறம் ஏற்பட்டது. 603ஆம் ஆண்டிலேயே அரசவைத் தொப்பிகளின் நிறவரிசையில் ஊதா உச்சியில் இருந்தது என்ற பழைய நினைவு இத்தேர்வின் பின்னால் இருக்கலாம். ஒருவரே மீண்டும் சிறப்பிக்கப்பட்டால் இரண்டாவது பதக்கம் தருவதில்லை. நாடாவில் ஒரு வெள்ளிப் பட்டையைச் சேர்க்கிறார்கள். ஐந்து வெள்ளிப் பட்டைகள் சேர்ந்தால் அவை ஒரு பொற்பட்டையாகின்றன.

பூவைப் பற்றியும் ஜப்பானியர் ஆழ்ந்து எண்ணியிருக்கிறார்கள். செர்ரிப் பூ சில நாட்களே நின்று உதிர்வது. அந்த நிலையாமையே அதன் அழகு என்பது அவர்கள் மரபு. 1937இல் பண்பாட்டு வரிசை என்னும் உயர்விருதை நிறுவியபோது செர்ரிப் பூவையே வைக்க எண்ணினர். உதிரும் பூவைப் போரில் மடியும் வீரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பண்பாட்டுக்கு என்றும் பசுமை மாறாத தாச்சிபானா என்னும் காட்டு நாரத்தையின் பூவே பொருந்தும் என்று பேரரசர் கருதியதால் வடிவம் மாறியது என்று அந்நாட்டினர் சொல்கின்றனர். ஒரு பூவுக்குப் பதில் மற்றொரு பூவை வைப்பதில் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்று ஓர் அரசு உணர்ந்து செயல்பட்டது மதிக்கத்தக்கது.

விடுதலை பெற்ற இந்தியா 1954 ஜனவரி 2ஆம் நாள் தன் குடிமை விருதுகளை நிறுவியது. அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்திருந்ததால், பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டக்கூடாத விருது என்பது தொடக்கத்திலிருந்தே நிபந்தனை. ஆகவே சொல்ல வேண்டியது அனைத்தையும் உலோகமே சொல்லியாக வேண்டியிருந்தது. பாரத ரத்னாவுக்கு முதலில் எண்ணிய வடிவம், கதிரவன் பொறித்த 35 மில்லிமீட்டர் வட்டப் பொற்பதக்கம். ஏறத்தாழ ஓராண்டில் அது கைவிடப்பட்டு, அரச இலை வடிவம் வந்தது. ஐரோப்பியர் வழியே நமக்குப் பழகிய வட்டத்தையும் விண்மீனையும் சிலுவையையும் ஒதுக்கிவிட்டு, ஊர்தோறும் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்கும் மரத்தின் இலையை நாட்டின் உயர்ந்த விருதாக்கியது வடிவமைப்பு வரலாற்றில் துணிவான முடிவு. 59 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த தடிப்பும் கொண்ட அந்த வெண்கல இலையின் முகத்தில் பிளாட்டினத்தால் ஆன கதிரவனும், அதன் கீழ் தேவநாகரியில் விருதின் பெயரும் உள்ளன; புறத்தில் சிங்கத்தூண் இலச்சினை. வெள்ளை நாடாவில் கழுத்தில் அணியப்படும் அதை முதன்முதலில் பெற்ற மூவரும், ராஜாஜி, இராதாகிருஷ்ணன், சி. வி. இராமன், தமிழ்நாட்டோடு பிறப்பாலோ கல்வியாலோ பிணைந்தவர்கள். பொன்னிலிருந்து வெண்கலத்துக்கு இறங்கியதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. தில்லைக் கூத்தனை வெண்கலத்தில் வார்த்து வணங்கிய மண்ணில் அவ்வுலோகத்துக்குப் பொன்னினும் ஆழ்ந்த மதிப்பு உண்டு.

பத்ம விருதுகள் அதே நாளில் தோன்றினாலும், முதலில் ஒரே பெயரில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று அமைந்து, 1955 ஜனவரியில்தான் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்ற பெயர்களைப் பெற்றன. மூன்றுக்கும் உருவம் ஒன்றே: கோணங்களால் ஆன சட்டகத்துக்குள் ஒரு தாமரை. புடைப்புப் பகுதியின் உலோகம் மட்டும் வேறுபடுகிறது. விபூஷணுக்கு வெண்பொன், பூஷணுக்குப் பொன், ஸ்ரீக்கு எவர்சில்வர். நாடா இளஞ்சிவப்பு. ஜப்பானியர் ஒரே பதக்கத்தை நிறத்தால் துறைவாரியாகப் பிரித்தார்கள். இந்தியா ஒரே பதக்கத்தை உலோகத்தால் படிவாரியாகப் பிரித்தது. இவ்விடத்தில் ஜப்பானிய முறையே மேலானது என்று சொல்லத் தோன்றுகிறது. நாதசுரக் கலைஞரும் அறுவை மருத்துவரும் கிராமத்துச் செவிலியரும் தத்தம் துறையின் நிறத்தோடு நின்றிருக்கக்கூடிய அரங்கில், அவர்களை ஒரே ஏணியின் வெவ்வேறு படிகளில் நிறுத்தியது சீனிவாச சாஸ்திரியார் விலக்கிய பழைய முறையின் எச்சம். 1977 ஜூலையில் ஜனதா அரசு இவ்விருதுகளை நிறுத்தியதும், 1980 ஜனவரியில் அவை மீண்டதும், இவை பட்டங்கள் அல்ல என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததும் இந்த உறுத்தலின் வெளிப்பாடுகளே. ஆயினும் தாமரையைத் தேர்ந்தவர்கள் அறிந்தோ அறியாமலோ பாணன் தலையில் இருந்த பொற்றாமரையை மார்புக்கு இறக்கினார்கள் என்பது தமிழ் வாசகருக்கு நிறைவு தரும் செய்தி.

குறியீட்டின் வளத்தில் படைத்துறைப் பதக்கமும் உயிர்காப்புப் பதக்கமும் பத்ம விருதுகளை விஞ்சுகின்றன. பரம வீர சக்கரத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தின் நியூஷடேலில் பிறந்து, இந்தியப் படை அதிகாரியை மணந்து, புராணங்களையும் சமயக் கலையையும் கற்றுத் தேர்ந்தவர். 35 மில்லிமீட்டர் வெண்கல வட்டத்தில் அரசு இலச்சினையைச் சூழ நான்கு வச்சிரங்கள், ஊதா நாடா. வச்சிரம் இந்திரனின் படைக்கலம். ததீசி முனிவர் தம் உடலைத் துறந்து அளித்த முதுகெலும்பிலிருந்து செய்யப்பட்டது. படைக்கலத்தைக் காட்டுவது போலத் தோன்றும் அவ்வுருவம் உண்மையில் காட்டுவது, அதற்காகத் தன் எலும்பையே கொடுத்தவனைத்தான். 1987 நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் உயிரிழந்த தமிழரான மேஜர் இராமசாமி பரமேசுவரனின் பெயரில் வழங்கப்பட்ட பதக்கத்திலும் அந்த நான்கு வச்சிரங்களே உள்ளன.

உயிர்காப்புப் பதக்கமான ஜீவன் ரக்ஷா பதக் 1961இல் நிறுவப்பட்டது. நீரில் மூழ்குவோரையும் நெருப்பில் சிக்கியோரையும் காத்தவருக்கு உரியது. ஜப்பானியரின் சிவப்பு நாடாவுக்கு நேர் இணையான இதன் நாடாவிலும் சிவப்பே முதன்மை. முகத்தின் நடுவே ஒரு கை மட்டும் அஞ்சேல் என்று நிமிர்ந்து நிற்கிறது. மேலே அதே பொருள்படும் வடசொல் உள்ளது. அந்தக் கையை எங்கே கண்டோம் என்று சிதம்பரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூத்தப்பெருமானின் உடுக்கை ஏந்திய கைக்கும் தீ ஏந்திய கைக்கும் இடையே அடியார் கண் முதலில் தேடுவது அந்த அபயக் கையைத்தான். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும் 2011 டிசம்பரில் தானே புயலையும் கண்ட கடலூர்க் கரையில், அஞ்சாதே என்று ஒருவர் மற்றொருவருக்குக் கை நீட்டியது எத்தனையோ முறை நடந்தது. அரசின் பதக்கங்களில் இத்தனை நேரடியாகவும் இத்தனை பரிவோடும் பேசுவது வேறொன்று இல்லை. இதை மக்கள் மிகக் குறைவாகவே அறிந்திருப்பது வருத்தத்துக்குரியது.

ஒரே மனிதர் பெற்ற பல சிறப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பையும் கடலூர் தருகிறது. 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், 1972இல் சாகித்திய அகாதெமி விருதையும், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதையும், 2009இல் பத்ம பூஷணையும், 2011இல் உருசியக் கூட்டமைப்பின் நட்புறவு வரிசையையும் பெற்றார். அகாதெமி தருவது சத்யஜித் ராய் வடிவமைத்த செப்புப் பட்டயம். ஞானபீடம் தருவது போஜராசனின் தாரா நகரோடு தொடர்புபடுத்தப்படும் 11ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தைப் போல வார்த்த கலைமகள் வெண்கலம். இவ்விரண்டும் அணிவதற்கு உரியவை அல்ல. அலமாரியில் வைக்க உரியவை. இலக்கிய அமைப்புகள் எழுத்தாளனுக்கு அணியைத் தராமல் பொருளைத் தந்தன என்பதும், அரசுகள் மட்டுமே அவன் உடலை நாடின என்பதும் கவனிக்கத்தக்கது. மார்பில் அணிய வந்தவை இரண்டில், இந்தியத் தாமரை நிலத்தைச் சுட்டுகிறது. உருசியப் பதக்கமோ கதிர்கள் வீசும் வெள்ளி ஐம்முனை விண்மீனின் நடுவே நிலவுருண்டையை வைத்து, பச்சை இலைவளையம் சூழ, புறத்தில் அமைதி, நட்பு என்ற இரண்டு சொற்களைப் பொறித்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் அதனோடு நட்புக் கொண்ட எழுத்தாளருக்கு, அவ்வொன்றியம் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே ஐம்முனை விண்மீன் புதிய அரசின் கையால் வந்து சேர்ந்தது. அரசுகள் மாறினாலும் அவற்றின் வடிவப் பழக்கம் எளிதில் மாறுவதில்லை.

2013இல் நொபோரு கராஷிமாவுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளின் வழியே தமிழ்நாட்டின் நிலவுடைமையையும் ஊராட்சியையும் ஆராய்வதற்கு வாழ்நாளைக் கொடுத்த அந்த ஜப்பானிய அறிஞர் உடல்நலக் குறைவால் தில்லிக்கு வர இயலாததால், அவ்வாண்டு மே மாதம் தோக்கியோவுக்குச் சென்ற பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே அதை அவருக்கு அளித்தார். செர்ரியும் நாரத்தையும் சிறப்பின் பூக்களாக உள்ள நாட்டில் தாமரை ஒன்று, தமிழ் எழுத்தைக் கல்லில் படித்ததற்காக ஒருவரைச் சேர்ந்தது. ஆனால் அந்தத் தாமரையின் மேலும் கீழும் இருந்த எழுத்து தமிழ் அல்ல. 1784இல் கடலூரில் நின்றவர்களுக்குத் தந்த வட்டத்தில் பாரசீகம் இருந்தது. ஜெயகாந்தன் பெற்ற தாமரையில் தேவநாகரி இருந்தது. பல மொழிகளைத் தன் பணத்தாளில் அச்சிட இடம் கண்ட நாடு, பதக்கத்தின் புறத்தில் பெறுபவரின் தாய்மொழியில் ஒரு சொல்லைப் பொறிக்கவும் இடம் காணலாம். கல்கத்தா நாணயச்சாலைக்கு அது கூடுதலாக ஓர் அச்சு செய்யும் வேலை மட்டுமே.